சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: ஒரு தரவுச் சுருக்கக் கருவியின் விளக்கவுரை குறித்து

இலக்கிய விமரிசனம் கதை, கவிதை, நாடகம் என்பவற்றோடு தன் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இலக்கண நூலையும் அதன் உரையையும் இலக்கியத்தோடு ஒருங்குவைத்துக் கற்றது நமது மரபு. அம்மரபை அடியொற்றி, செயற்கை நுண்ணறிவு முகவர்களின் பயன்பாட்டுக்கென 2025 இல் வெளிவந்த 'டூன்' எனும் எளிய தரவுச் சுருக்கக் கருவியின் விளக்கவுரையை நாம் ஈண்டு ஆராய்கின்றோம்.

முகவர் எனப்படும் மென்பொருள் மொழி மாதிரியொன்றைக் கொண்டு தொழிற்படுவது. மொழி மாதிரியோ எழுத்தை 'டோக்கன்' எனும் துணுக்குகளாகவே வாசிக்கின்றது. துணுக்குகளின் தொகைக்கேற்பக் கட்டணம் அறவிடப்படுகின்றது. ஒரே வேளையில் வாசிக்கக்கூடிய அளவுக்கும் வரம்புண்டு. பரவலாக வழங்கும் 'ஜேசன்' வடிவில் நூறு தொழிலாளரின் விவரத்தை எழுதின், பெயர், வயது, லயம் என்னும் தலைப்புச் சொற்கள் நூறு முறை மீளும். டூன் அவற்றை முகப்பில் ஒருமுறை மட்டுமே கூறுகின்றது. எத்தனை வரிசைகள் வரவுள்ளன என்ற எண்ணையும் அங்கேயே பொறிக்கின்றது. பின்னர் வரிசைகளை மட்டும் தருகின்றது. சுருக்கியதை மூல வடிவுக்கு இழப்பின்றி மீட்கலாம். பேரேட்டில் கட்டம் போட்டுக் கணக்கெழுதிய கணக்கப்பிள்ளைக்கு இம்முறை புதுமையாகத் தோன்றியிராது.

நன்னூலார் சுருங்கச் சொல்லலை நூலின் அழகுகளுள் முதலாவதாகவும், குன்றக் கூறலைக் குற்றங்களுள் முதலாவதாகவும் வைத்தமை மனங்கொளத்தக்கது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது. டூனின் விளக்கவுரை அத்தூரத்தை உணர்ந்து எழுதப்பட்டது எனலாம். ஒரே அமைப்புடைய வரிசைகளுக்கே இவ்வடிவம் பெரிதும் பயன்படும் என்றும், ஆழ அடுக்கப்பட்ட, ஒழுங்கற்ற தரவுக்குப் பழைய வடிவமே ஏற்றதாகலாம் என்றும் அது ஒப்புக்கொள்கின்றது. தன் கருவி பயன்படாத இடத்தைத் தானே கூறுவது உரையாசிரியனின் நேர்மையாகும்.

எனினும் சுருக்கம் என்பது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையன்று. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை யார் தீர்மானிக்கின்றார் என்ற கேள்வி அதனுள் உறைந்துள்ளது. ஊவாத் தோட்டங்களின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட 'துண்டு' முறை, ஒரு கங்காணியின் கீழிருந்த குடும்பங்களைக் கடன் தொகையாகச் சுருக்கியது. செக்ரோலில் ஒரு நாட் கூலிக்குரிய பதிவு 'பேர்' எனப்பட்டது. குறித்த அளவு கொழுந்து பறியாதவருக்கு 'அரைப் பேர்' விழுந்தது. மனிதரின் பெயரே உழைப்பின் அளவையாகிவிட்ட சுருக்கம் இது. முதலாளிக்கு வேண்டியது அதில் முழுமையாக இருந்தது. லயத்தில் வாழ்ந்த முதியோரும் குழந்தைகளும் கொழும்புக்கு வேலைதேடிச் சென்றோரும் அதனுள் அடங்கார்.

2014 ஒக்ரோபர் 29 அன்று காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்காகக் கூறப்பட்டுப் பின்னர் பன்மடங்கு குறைக்கப்பட்டது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. நிலத்தைப் பற்றிய அறிவு இருந்தது. அந்நிலத்தில் அன்று உறங்கி எழுந்தோர் எத்தனை பேர் என்ற எண்ணே ஐயத்துக்குள்ளாயிற்று. டூனின் முகப்பில் நிற்கும் அச்சிறு எண்ணின் பெறுமதி இங்கேதான் நமக்குப் புலனாகின்றது. பத்து வரிசை எனக் கூறி எட்டே வந்தால், இரண்டு குறைவதை வாசிப்பவர் அறிவார். முகப்பில் எண் இல்லாவிடின் இழப்பு இழப்பாகவே தெரிவதில்லை.

விளக்கவுரைகளிடம் நாம் இன்னொன்றையும் வேண்டி நிற்கின்றோம். சேமிப்பு எந்த மொழியில் அளக்கப்பட்டது என்பதை அவை கூறுதல் அவசியம். 'மீரியபெத்த' என்ற பெயர் யூரிஎவ்-8 குறிமுறையில் 30 பைற்றுகளைக் கொள்கின்றது. ரோம எழுத்தில் அதே பெயருக்கு 12 போதும். ஆங்கிலப் பாடங்களைப் பெரும்பான்மையாகக் கொண்டு உருவான துணுக்காக்கிகள் தமிழை மேலும் நுண்ணிதாகச் சிதைப்பதால், ஒரே செய்திக்குத் தமிழர் கூடுதல் விலை கொடுக்க நேர்கின்றது. செலவைக் குறைக்க முனையும் நிறுவனமொன்று முதலில் வெட்டக்கூடியது இத்தகைய பெயர்களையே என்று அஞ்சுவதற்கு இடமுண்டு.

2025 நவம்பரில் டிட்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது. எச்சரிக்கைப் பணியில் நாளை இத்தகைய முகவர்கள் ஈடுபடுத்தப்படலாம். அப்பொழுது தோட்ட மக்களின் பட்டியலைச் சுருக்குவோர், முகப்பில் எழுதும் எண் செக்ரோலில் உள்ளோரின் எண்ணாக அன்றி லயத்தில் வாழ்வோரின் எண்ணாக இருத்தல் வேண்டும்; விடுபட்டவை எவை என்பதும் விளக்கவுரையில் வெளிப்படையாக எழுதப்படல் வேண்டும். சுருங்கச் சொல்லல் குன்றக் கூறலாக மாறாதிருக்க இதுவே வழி என்பது எமது துணிபு.