சாலையில் கிடந்தவனும் சென்று சேர வேண்டிய ஊரும்
‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ எழுப்பும் வினாக்கள்

ஒரகடம் சந்திப்பிலிருந்து சற்று உள்ளடங்கிய வாடகை வீடொன்றின் மேல்தளத்தில், ஞாயிறுதோறும் இஷாத் தொழுகைக்குப் பின் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலிலிருந்து பாடம் நடத்தி வருகிறோம். கேட்க வருவோர் பதினைந்து, இருபது இளைஞர்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாகன உதிரிபாக ஆலைகளில் ஒப்பந்தப் பணியாளர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் இருப்பவர்கள். ஷிஃப்ட் மாறினால் முகங்களும் மாறும். பாடம் தவ்பா குறித்த அத்தியாயத்தை எட்டிய வாரத்தில் அவர்களுள் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஹஜ்ரத், ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனவனுக்குத் தவ்பா உண்டா?”

இரவுப் பணிக்கு விரைந்தபோது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரத்தில் ஒருவர் கிடந்ததை அவர் கண்டிருக்கிறார். வண்டியின் வேகத்தைக் குறைத்தவர் நிறுத்தவில்லை. தாமதமானால் அரைநாள் கூலி போகும். காவல் நிலையத்திற்கு அலைய நேர்ந்தால் வேலையே போகும். மறுநாள் காலை திரும்பும்போது அவ்விடத்தில் யாருமில்லை. அந்த மனிதர் பிழைத்தாரா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. சில வாரங்களுக்குப் பின் அறை நண்பர்கள் கைபேசியில் ஓடவிட்ட ஒரு திரைப்படத்தின் தொடக்கக் காட்சியைக் கண்டு எழுந்து வெளியே சென்றுவிட்டதாகவும், பிறகு தனியே முழுமையாகப் பார்த்ததாகவும் சொன்னார். மிஷ்கின் இயக்கி, 2013 செப்டம்பரில் வெளியான ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ என்பதே அப்படம்.

அரபிக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் திரைப்படத்தோடு என்ன வேலை என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நம் பாடத்திற்கு வரும் பிள்ளைகள் பாவத்தையும் மன்னிப்பையும் பற்றி எங்கிருந்து சிந்திக்கத் தொடங்குகிறார்களோ, அங்கே சென்று பார்ப்பதும் ஆசிரியப் பணியில் ஒரு பகுதி என்பதே நம் விடை. படத்தை இருமுறை பார்த்த பின்னரே இதை எழுதுகிறோம்.

கதையைச் சுருங்கச் சொல்லலாம். சென்னையின் ஓர் இரவில், குண்டடிபட்டுச் சாலையில் கிடக்கும் முன்பின் அறியாத ஒருவனை சந்துரு என்ற மருத்துவ மாணவன் தூக்கிச் செல்கிறான். காவல்துறை விவகாரம் என்பதால் மருத்துவமனை ஏற்க மறுக்கிறது. வேறு வழியின்றித் தன் வீட்டிற்கே கொண்டு சென்று, தன் பேராசிரியரின் வழிகாட்டலைத் தொலைபேசியில் கேட்டபடி அறுவை செய்து அவனைப் பிழைக்க வைக்கிறான். விடிந்ததும் காயம்பட்டவனைக் காணவில்லை. அவன் ‘ஓநாய்’ எனப்படும் கூலிக் கொலையாளி. காப்பாற்றிய குற்றத்திற்காக மாணவனும் அவன் குடும்பமும் காவல்துறையின் பிடியில் சிக்குகின்றனர். முன்பு தவறுதலாக ஓர் இளைஞனைக் கொன்றுவிட்ட ஓநாய், அவனுடைய பார்வையற்ற குடும்பத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக் கொலைத் தொழிலை விட்டவன் என்பது பின்னர் தெரிகிறது. பழைய எசமானன் தம்பாவின் ஆட்கள் ஒருபுறமும் காவல்துறையினர் மறுபுறமும் துரத்த, அக்குடும்பத்தை அழைத்துக்கொண்டு அவன் நகரின் இரவுக்குள் ஓடுகிறான். இறுதியில் அவன் இறக்கிறான். பார்வையற்ற சிறுமி கார்த்தி சந்துருவின் கைகளில் மிஞ்சுகிறாள். பாடல் ஒன்றுகூட இல்லாத இப்படத்தில் இளையராஜாவின் இசை, உரையாடல் சொல்லாது விட்டவற்றைச் சொல்லுகிறது.

விமரிசகர்கள் பெரும்பாலும் ஓநாயின் குற்றவுணர்வையே பேசினர். நமக்கோ படத்தின் முதல் சில நிமிடங்களே முதன்மையாகத் தோன்றுகின்றன. அங்கே வில்லன் என்று எவருமில்லை. துப்பாக்கி ஏந்தியவர் எவருமில்லை. ஒருவன் கிடக்கிறான், நகரம் தன் வழியே போகிறது, அவ்வளவுதான். மருத்துவமனைக்கு விதி இருக்கிறது, வழிப்போக்கருக்கு அவசரம் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் காரணம் உண்டு, அக்காரணம் பொய்யுமன்று. காரணங்கள் எல்லாம் ஒன்றுசேரும்போது ஒரு மனிதன் இரத்தம் வடிந்து சாகிறான். தீமையின் இந்த முகத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் மிகச் சிலவே.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதனை ஃபர்ளு கிஃபாயா என்ற தலைப்பின்கீழ் பேசுகின்றன. அழியும் நிலையிலுள்ள உயிரைக் காப்பது சமூகம் முழுவதன்மீதும் கடமை. ஒருவர் செய்தால் மற்றவர்மீதுள்ள பொறுப்பு நீங்கும். எவரும் செய்யாவிடில், அறிந்தும் இயன்றும் விட்டவர் அனைவரும் பாவிகள். செய்யக்கூடியவர் ஒருவர் மட்டுமே அங்கிருந்தால் அவர்மீது அது ஃபர்ளு ஐன் ஆகிவிடும். நகரத்தின் சூழ்ச்சி இங்குதான் இருக்கிறது. ‘எனக்குப் பின்னால் ஒருவர் வருவார்’ என்ற எண்ணத்தை அது எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுத் தருகிறது. கடமை எல்லாருக்கும் உரியதாக இருப்பதே அதை எவருக்கும் உரியதல்லாததாக ஆக்கிவிடுகிறது.

படம் வந்தபின் நாட்டின் சட்டம் மாறியிருப்பதையும் சொல்ல வேண்டும். விபத்தில் சிக்கியோருக்கு உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலிமை அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு அப்பாதுகாப்பை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. ஒரகடத்து இளைஞரைத் தடுத்த அச்சங்களுள் ஒன்றுக்கு, ஆக, சட்டம் விடை தந்துவிட்டது. அரைநாள் கூலி பற்றிய அச்சத்திற்குச் சட்டத்தில் விடையில்லை. அச்சமற்றிருந்தாலும் நிற்காத உள்ளத்திற்கும் சட்டத்தில் மருந்தில்லை.

படத்தின் குறையும் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. முதற்காட்சியில் தீமையை நம் எல்லார் நடுவிலும் வைத்த இயக்குநர், போகப் போக அதைத் தம்பாவிடமும் அவன் அடியாட்களிடமும் ஒப்படைத்துவிடுகிறார். சுடுபவன் தீயவன் என்றானதும் பார்வையாளர் விடுதலை பெறுகிறார். தாம் சாலையில் கடந்து சென்றவர் என்பதை மறக்கிறார். பிற்பாதியின் மோதல் காட்சிகள் எவ்வளவு திறமாக எடுக்கப்பட்டிருப்பினும், உண்மையான தீமையிலிருந்து நம் கண்ணை அவை திருப்பிவிடுகின்றன என்பதே நம் கருத்து. கொலையை விட்டவன் மேலும் சிலரைக் கொன்றே தன் மனமாற்றத்தைக் காக்க வேண்டியிருக்கிறது என்பதும் படம் போதிய அளவு எண்ணிப் பார்க்காத முரண்பாடு.

எனினும் கல்லறைத் தோட்டக் காட்சி படத்தை மீட்டுவிடுகிறது. ஓநாய் தன் வரலாற்றைச் சிறுமிக்குச் சொல்லும் விலங்குக் கதையாகச் சொல்லுகிறான். தன் பெயரைச் சொல்லாமல், ‘நான்’ என்றும் சொல்லாமல் ஒருவன் தன் பாவத்தைச் சொல்லி முடிக்கிறான். இது வாக்குமூலமா, ஒளிந்துகொள்ளலா? இமாம் நவவீ (ரஹ்) தவ்பாவுக்குக் கூறும் நிபந்தனைகள் மூன்று: பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் அதன்பால் திரும்புவதில்லை என உறுதி பூணுதல். அது சக மனிதரின் உரிமையைச் சார்ந்த பாவமாயின் நான்காவது ஒன்றும் உண்டு. உரியவருக்கு அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும். முதல் மூன்றையும் ஓநாயின் முகத்தில் காண்கிறோம். நான்காவதைத் தேடியே அவன் அவ்விரவு முழுவதும் ஓடுகிறான். தவறுதலாகக் கொன்றவன் செலுத்த வேண்டிய ஈட்டுத்தொகையையும், உரியோர் மனமுவந்து விட்டுக்கொடுக்கும் வாய்ப்பையும் திருக்குர்ஆன் அன்னிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் பேசுகிறது. பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்புக்குத் தன் வாழ்நாளையே ஈடாக வைக்கிறான் இவன். கூலிக்கு உயிர் பறித்தவன் இவன் என்பதால், அவ்வசனத்தின் சலுகை முழுவதும் இவனுக்குப் பொருந்துமா என்ற ஐயம் மார்க்க அறிஞருக்கு எழும், எழத்தான் வேண்டும்.

இவ்விடத்தில், புகாரீயிலும் முஸ்லிமிலும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிப்பதாக வரும் செய்தி நம் நினைவுக்கு வருகிறது. முற்காலத்தில் தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவன், தனக்கு மீட்சி உண்டா என ஒரு துறவியிடம் கேட்கிறான். இல்லை என்றதும் அவரையும் கொன்று நூறாக்குகிறான். பின்னர் ஓர் அறிஞரிடம் கேட்கிறான். தவ்பாவுக்கு எவர் தடையாக நிற்க முடியும் என்று வினவிய அவ்வறிஞர், அத்தோடு நிறுத்தவில்லை. இறைவனை வணங்கும் நன்மக்கள் வாழும் இன்ன ஊருக்குச் செல், உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர் என்று வழியும் காட்டுகிறார். அவன் நடுவழியில் இறந்துபோகிறான். அருளின் வானவரும் வேதனையின் வானவரும் வழக்காட, தூரம் அளக்கப்படுகிறது. நல்லூருக்கு ஒரு சாண் நெருங்கியிருந்ததால் அருளின் வானவர் அவனை ஏற்கின்றனர்.

இச்செய்தியைப் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்தியும், அதில் வரும் ‘ஊர்’ என்ற சொல்லை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. இப்படமே அதைக் கவனிக்க வைத்தது. தவ்பா உள்ளத்தில் பிறந்தாலும், அது தங்குவதற்கு ஓர் ஊர் வேண்டும். துறவி இறையருளில் நம்பிக்கையிழக்கச் செய்தார். நம்பிக்கையைத் தந்த அறிஞரோ அதனுடன் ஒரு முகவரியையும் சேர்த்துத் தந்தார். மிஷ்கினின் ஓநாய்க்கு அம்முகவரி இல்லை. அவன் ஓடுகிற நகரில் அவனை உள்ளே விட்டு உட்காரவைத்த இடம் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். படத்தின் அவநம்பிக்கை இறைவன் இல்லை என்பதன்று, ஊர் இல்லை என்பதே.

நம் தொழிற்பெருவழியையும் இவ்வாறே நோக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் இறுதியில் கார்கள் உருவாகத் தொடங்கியதிலிருந்து, திருப்பெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் எங்கும் ஆலைகள் எழுந்தன. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, அதை நம்பிக் குடியேறியவர்கள் வந்ததுபோலவே சுவடின்றிக் கலைந்தனர். வேலை இருக்கிறது, அறை இருக்கிறது. ஆயினும் அது ஊராகவில்லை. அதே மண்ணில் வேறொன்றும் நிகழ்ந்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவால் 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மருத்துவமனைக்குச் சென்ற தோழியர் உயிருடன் இருக்கிறார்களா என்று கேட்டு, 17ஆம் நாள் இரவு அப்பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். முதற்காட்சியில் ஒருவனுக்காக நிற்காத சாலையை, தோழியருக்காக நிற்கவைத்தவர்கள் அவர்கள். அன்றிரவு அந்தச் சாலை சற்றுநேரம் ஊராக இருந்தது.

நம் பள்ளிவாசல்கள் ஊராக இருக்கின்றனவா? உள்ளூர்க் குடும்பங்களின் சந்தாப் புத்தகத்தில் பெயரில்லாத அறைவாசி இளைஞருக்கு நம் மஹல்லாவில் இடம் உண்டா? அவர் நோயுற்றால் அறிவோமா, இறந்தால் அடக்க நம் கபுருஸ்தானைக் கேட்க வேண்டியிருக்குமா, கேட்காமலே கிடைக்குமா? இவ்வினாக்களுக்கு நாம் அறிந்த வட்டாரத்தில் கிடைக்கும் விடைகள் மகிழ்ச்சி தருவனவாக இல்லை. கல்லறைத் தோட்டம்வரை ஒருவரை விலக்கிவைத்துவிட்டு, நகரம் இரக்கமற்றது என்று குத்பாவில் சொல்ல நமக்குத் தகுதியில்லை.

நகரத்தின் துன்பத்தைக் கண்டு, இறைவன் எங்கே என்று கேட்போர் உண்டு. முஸ்லிம் பதிவுசெய்துள்ள ஹதீஸ் குத்ஸீ ஒன்று அக்கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. நான் நோயுற்றிருந்தேன், நீ நலம் விசாரிக்க வரவில்லையே என மறுமையில் இறைவன் அடியானிடம் கேட்பான்; திகைக்கும் அடியானிடம், என் அடியான் ஒருவன் நோயுற்றிருந்தான், அவனைச் சென்று பார்த்திருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்பான். படம் ஒருவனைத் தூக்கிச் செல்வதில் தொடங்கி ஒரு சிறுமியைத் தூக்கிச் செல்வதில் முடிகிறது. இறைப்பெயரைச் சொல்லி அறிவுரை கூறாத அப்படம், இவ்விரண்டு காட்சிகளால் இந்த நபிமொழிக்கு அருகே வந்து நிற்கிறது.

அந்த இளைஞருக்கு என்ன விடை சொன்னோம் என வாசகர் கேட்கலாம். தவ்பா உண்டு, அல்லாஹ்வின் அருளில் நிராசை கொள்வதே பெரும் பாவம் என்றோம். அம்மனிதரைக் கண்டறிய இயலாததால் அவருக்காக துஆச் செய்யவும், அவர் பெயரால் தர்மம் செய்யவும் சொன்னோம். அத்துடன், ஆண்டுகள் சிலவற்றிற்கு முன் அதே சாலையில், வாடகைக் காரின் பின்னிருக்கையில் தஸ்பீஹ் ஓதியபடி, ஓட்டுநர் வேகம் குறைத்தபோது “போகலாம் தம்பி” என்று நாமும் சொன்னதுண்டு என்பதை அவர்களிடம் மறைக்கவில்லை. அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அதன்பின் பாடத்தின் நான்காவது நிபந்தனைக்கு வந்தோம்.

இப்போது அவ்விளைஞர்களுள் அறுவர் முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்கின்றனர். இரவுப் பணி முடிந்து வருவோரின் எண்கள் ஒரு தாளில் எழுதப்பட்டு, அறையின் கதவுக்குப் பின்னே ஒட்டப்பட்டிருக்கின்றன. அது ஊராகிவிடவில்லை, அதன் திசையில் ஒரு சாண். அச்சாணை அளந்து ஏற்பவன் அளவற்ற அருளாளன்.