மணிபல்லவமும் மாயத்தீவும்: ஓர் ஒப்புநோக்கு

கதையில் வரும் தீவொன்று எங்கே இருக்கின்றது என்று கேட்பது ஒரு வினா. அது கதையில் ஏன் இருக்கின்றது என்று கேட்பது வேறொரு வினா. முதல் வினாவுக்கு விடை தேடுவோர் பலர். இரண்டாவதை எழுப்புவோர் சிலரே. திறனாய்வு இரண்டாவது வினாவிலேயே தொடங்குகின்றது. காலத்தாலும் ஊடகத்தாலும் பெரிதும் வேறுபட்ட இரு ஆக்கங்களை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

'லொஸ்ற்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2004 செப்டெம்பர் தொடக்கம் 2010 மே வரை ஆறு பருவங்களாக ஒளிபரப்பாயிற்று. சிட்னியிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிச் சென்ற விமானமொன்று பெயரறியாத் தீவில் வீழ்கின்றது. உயிர் தப்பியோர் அங்கே கரும்புகை வடிவான உருவொன்றையும், நிலத்தடி ஆய்வுக்கூடங்களையும், 4, 8, 15, 16, 23, 42 என மீண்டும் மீண்டும் தோன்றும் எண்களையும் காண்கின்றனர். நான்காம் பருவ முடிவில் ஒருவன் நிலத்தடியில் உறைந்து கிடந்த சக்கரத்தைத் திருப்ப, தீவே இடம்பெயர்கின்றது. ஐந்தாம் பருவத்தில் பாத்திரங்கள் சிலர் காலத்துள் தூக்கியெறியப்பட்டு 1970களில் வாழ நேர்கின்றது.

இத்தீவு பற்றிப் பார்வையாளர் புனைந்த ஊகங்கள் பல. விமானம் வீழ்ந்தபோதே அனைவரும் இறந்துவிட்டனர், தீவு என்பது உத்தரிக்கிற தலமே என்பது அவற்றுள் மிகப் பரவலானது. ஆக்கியோர் இதனைத் தொடக்கத்திலேயே மறுத்தனர். தீவில் நிகழ்ந்தவை யாவும் மெய்யே என இறுதி அத்தியாயத்தில் ஒரு பாத்திரமே கூறுகின்றது. ஆயினும் அவ்வத்தியாயத்தின் பெயர்ப்பட்டியலோடு ஆளற்ற கடற்கரையில் விமானச் சிதைவுகள் காட்டப்பட்டமையால், அவ்வூகம் மெய்ப்பட்டதாகவே பலர் கொண்டனர். இது பார்வையாளரின் அறியாமையன்று. வாரந்தோறும் ஒரு புதிரை இட்டு அடுத்த வாரம் வரை காத்திருக்க வைக்கும் தொடர்வடிவம், ஒவ்வொரு பொருளையும் துப்பாக நோக்கும் கண்ணை அவர்களிடம் வளர்த்துவிட்டது. அக்கண் இறுதியில் வெறுங்காட்சியையும் துப்பாகவே கண்டது.

தமிழிலும் இத்தகைய தீவொன்று உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் உவவனத்தில் துயிலும் தலைவியைத் தெய்வம் எடுத்துச் சென்று, புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத்தில் வைக்கின்றது. அங்குள்ள புத்த பீடிகையைத் தொழுதபோது அவள் தன் முற்பிறப்பை அறிகின்றாள். தன்னைப் பின்தொடரும் அரசகுமாரனே அப்பிறப்பிற் கணவனாயிருந்தவன் என்பது புலனாகின்றது. கப்பல் விட்டுச் சென்றமையால் அதே தீவில் தனித்து உண்ணாது உயிர்விட்ட ஆபுத்திரன் சாவகநாட்டில் அரசனாகப் பிறக்கின்றான்; பின்னர் அங்கு வந்து மணலைத் தோண்டித் தன் பழைய உடலின் எலும்பைத் தானே காண்கின்றான். காலம் மடிந்து கிடக்கும் தீவுக்கு இதனினும் அழுத்தமான காட்சி எந்தத் தொலைக்காட்சித் தொடரிலும் கிடைப்பது அரிது.

உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்ததன் பின்னர், இத்தீவு எதுவென்ற ஆராய்ச்சியும் பெருகிற்று. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ஆங்கில நூலில் மணிபல்லவத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டோடு இணைத்தார். நயினாதீவே அது என்பார் பலர். பீடத்துக்காக நாக அரசர் இருவர் பொருத கதையை மகாவம்சம் நாகதீவத்தில் வைத்துக் கூறுகின்றது. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேட்டைப் பரணவிதான வாசித்தபின், நாகதீவம் என்ற பெயர் குடாநாட்டையும் தழுவியது என்ற கருத்து வலுப்பெற்றது. இவை வரலாற்றுக்கு வேண்டிய முயற்சிகளே. ஆயின் நாகதீவம் எதுவென நிறுவுவதால் மணிபல்லவம் எதுவென நிறுவப்பட்டதாகாது. இரண்டையும் இணைப்பது ஒரு கதையின் ஒப்புமையே. யோசனை என்னும் அளவும் நிலையான அளவன்று.

இங்கு கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. லொஸ்ற் தொடரின் எண்களைக் கணக்கிட்டோரும் முப்பது யோசனையைக் கணக்கிட்டோரும் ஆக்கத்திலிருந்து ஓர் உறுப்பைப் பிரித்தெடுத்து, ஆக்கத்துக்கு வெளியே அதற்கு விடை தேடினர். தீவு செய்யும் தொழிலை இருசாராருமே நோக்கவில்லை.

அத்தொழிலை நோக்கினால் இரு ஆக்கங்களுக்குமிடையே ஆழமான வேறுபாடு தோன்றும். லொஸ்ற் தொடரில் நிகழ்ந்தது நிகழ்ந்ததே என்ற விதியைக் கூறும் பௌதிகவியலாளனே, வெடிகுண்டொன்றால் கடந்ததை மாற்றத் திட்டமிடுகின்றான். கடந்த காலத்தை அழித்துவிட்டால் துயரும் அழியும் என்பது அங்குள்ள ஆசை. சாத்தனாரின் பாத்திரங்கள் கடந்ததை அறிகின்றனர், மாற்ற முயல்வதில்லை. அறிந்தபின் மணிமேகலை செய்வது அமுதசுரபியை ஏந்திப் பசித்தோரிடம் செல்வதே. காலத்தை அறிதல் அங்கே புதிருக்கு விடையன்று, நடத்தைக்குத் தொடக்கம். இவ்வகையிற் காப்பியம் தொடரினும் முதிர்ந்த நோக்குடையது எனலாம். அதன் மருமம் விடை தெரிந்த பின்னும் வற்றாமைக்குக் காரணமும் இதுவே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பண்டத்தரிப்பிலிருந்து வடக்கே சென்றால் மாதகற் கரையிற் சம்பில்துறை உள்ளது. சங்கமித்தை போதிக்கிளையுடன் வந்திறங்கியதாக மகாவம்சம் கூறும் சம்புகோளம் இதுவே என்பர். 2009இல் போர் முடிந்தபின் அங்கு விகாரையொன்று எழுந்துள்ளது. இத்தகைய சூழலில், பழைய நூல்களின் தீவும் துறையும் எவை என்ற வினா, அவை எவருக்கு உரியவை என்ற வினாவாக எளிதில் மாறிவிடுகின்றது. பௌத்தம் பேசும் ஒரு நூல் தமிழ்க் காப்பியமாகவும் நிற்கின்றது என்ற உண்மை இரு தரப்பினருக்கும் சங்கடம் தருவது. ஆகவே அதனைப் படிப்பதை விட அதன் இடங்களைக் குறித்துக்கொள்வது எளிதாகிவிடுகின்றது.

சாத்தனார் இவ்வினாவை அறியாதவர் அல்லர். பீடம் எமதென்று இரு நாக அரசரும் கொள்கின்றனர், அதனைப் பெயர்க்கவும் அவர்களால் இயலவில்லை, விட்டுச் செல்லவும் மனமில்லை, படையோடு பொருகின்றனர். புத்தன் தோன்றிப் போரைத் தடுத்து, தானே அதிலமர்ந்து அறம் உரைக்கின்றான். உரிமை கொண்டாடியோருக்கு அப்பீடம் எதனையும் காட்டியதாக நூல் கூறவில்லை. தொழுது நின்றவளுக்கே அது காலத்தைக் காட்டியது. மணிபல்லவம் எங்கே என்று தேடுவோர் முதலிற் படிக்க வேண்டிய பகுதி இதுவேயாகும்.