ரிப் கிர்பியை வரைந்த கை

சித்திரக்கதை என்றாலே சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்று தள்ளிவிடுவது நம்மவர் வழக்கம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரும் மலரில் இதற்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கடையில் கணக்கு எழுதியே வயதானவன் நான். ஒருவர் வரவை இன்னொருவர் பெயரில் எழுதினால் மனசு கேட்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சிறுவயதில் மாதுங்கா பழைய புத்தகக் கடைகளில் இந்திரஜால் காமிக்ஸ் கிடைக்கும். 1964 முதல் 1990 வரை இந்த ஊரிலிருந்தே வெளிவந்தது அது. ஊருக்குப் போனால் 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ். ரிப் கிர்பி, காரிகன், பிளாஷ் கார்டன் மூவரும் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி. மூவரையும் முதலில் வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட் என்ற ஒரே ஆள் என்பது அப்போ யாருக்குத் தெரியும்?

1934-இல் தொடங்கிய பிளாஷ் கார்டனில் அவர் தூரிகை காவியப் புலவரின் வருணனை போல் பொங்கும். அரண்மனை, ஆகாயம், வீரரின் திரண்ட தோள் என்று எதையும் விடாது. போர்ப்பணி முடிந்து வந்து 1946 மார்ச்சில் ரிப் கிர்பியைத் தொடங்கியபோது அதே கை அடங்கிவிட்டது. கண்ணாடி போட்ட, பைப் பிடிக்கும் துப்பறிவாளர். பழைய திருடரான பணியாள் டெஸ்மண்ட். ஒரு மேசைவிளக்கு, பாதி முகத்தில் நிழல், கோட்டில் நாலு மடிப்பு, அவ்வளவுதான். மீதியை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். இந்த அடக்கமே அவருடைய முதிர்ச்சி என்பது என் துணிபு.

1956 செப்டம்பர் 6 அன்று நண்பரும் ஓவியருமான ஸ்டான் டிரேக்கின் காரை ரேமண்ட் ஓட்டிப் போனார். விபத்து. டிரேக் பிழைத்தார், ரேமண்ட் போய்விட்டார். வயது 46.

கதை மட்டும் நிற்கவில்லை. ஜான் பிரெண்டிஸ் என்பவர் தொடர்ந்து, 1999-இல் தாம் மறையும்வரை வரைந்தார். ரேமண்ட் வரைந்தது பத்தரை ஆண்டு. பிரெண்டிஸ் ஏறக்குறைய 43 ஆண்டு. நாம் ரசித்த பக்கங்களில் எது யாருடையது என்று நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. தப்பு என்னுடையதுதான்.

ஜினசேனர் தொடங்கிய மகாபுராணத்தை அவர் மறைவுக்குப்பின் மாணவர் குணபத்திரர் முடித்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம். முதல்வரைச் சொல்லி அடுத்தவரை விட்டால் உழைப்புக்குத் துரோகம்; அடுத்தவர் கைவண்ணத்தையே பார்த்து முதல்வரை மறந்தால் அது நன்றி மறத்தல்.

பழைய பிரதிகள் வைத்திருக்கும் அன்பர்களே, ஒவ்வொரு கதையும் மூலத்தில் வந்த ஆண்டு 1956-க்கு முன்னா பின்னா என்று விசாரித்து அட்டையில் பென்சிலால் குறித்து வையுங்கள். பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கும்போது ரிப் கிர்பியின் பெயரோடு, வரைந்தவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.