சுண்ணாம்புப் பூச்சு

2015 வெள்ளம் புகுந்த முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளில் சிமெண்ட் பூச்சு உப்புப் பூத்து உதிர்வதைப் பார்த்தவர்களுக்குச் சுண்ணாம்பின் அருமை தெரியும். ஈரத்தை அது தடுக்காது; ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதுவே பெரிய காரியம்.

நீற்றும்போது தொட்டியில் எழும் 'சுர்ர்', கடுக்காய்த் தண்ணீரின் துவர்ப்பு நெடி, நாள்கணக்கில் ஊறி வெண்ணெயாய்த் திரண்ட விழுது! கொத்தனார் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார். வழிந்தால் "இன்னும் பொறுங்க" என்பார். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்க, சரசரப்பு அடங்கி, மங்கலான ஒரு பளபளப்பு ஏறும். உள்ளங்கையை வைத்தால் குளுகுளு. அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் வேண்டாம், வெள்ளையடித்தாலே போதும்.