கணக்கில் வராத சோடியம்

கார் சாவியின் ரிமோட்டைத் திறந்தால் உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். லித்தியம், சோடியம் மின்கலங்களுக்காக உருவாக்கப்படும் புதிய மின்முனைப் பொருள்களும் மின்பகுளிகளும் பெரும்பாலும் இதே அளவு எஃகுக் கூட்டுக்குள்தான் முதல் சோதனையைச் சந்திக்கின்றன. ஒரு பக்கம் ஆராய வேண்டிய பொருள். எதிர்ப்பக்கம் தூய லித்தியத் தகடோ சோடியத் தகடோ. இடையில் மின்பகுளியில் ஊறிய பிரிப்பான். இதை அரைக்கலம் என்கிறார்கள். 'ஆயிரம் சுழற்சி தாங்கியது' என்று வரும் ஆய்வுச் செய்திகளில் கணிசமானவை இந்த அரைக்கலம் சொன்னவை. எந்த விஷயத்தில் இதன் சாட்சியத்தை நம்பலாம், எதில் நம்பக்கூடாது?

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். புதிதாகத் தயாரித்த பொருள் கையில் சில கிராம்தான் இருக்கும். அரைக்கலத்துக்குச் சில மில்லிகிராம் போதும். ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டியும், கூட்டை அழுத்தி மூடும் சிறு கருவியும் இருந்தால் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் செய்யலாம், ஒரு கல்லூரியின் வேதியியல் துறையிலும் செய்யலாம். எதிர்ப்பக்கம் தெரிந்த உலோகம் என்பதால், கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்பதும் ஓரளவு தெளிவு.

'நடக்குமா, நடக்காதா' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. புரொப்பிலீன் கார்பனேட் என்ற கரைப்பானில் கிராஃபைட் உரிந்து பாழாகிறது. லித்தியம் அயனி கரைப்பான் மூலக்கூறுகளையும் அடுக்குகளுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. எத்திலீன் கார்பனேட்டிலோ முதல் மின்னேற்றத்திலேயே கிராஃபைட் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி, பிறகு லித்தியத்தை மட்டும் உள்ளே விடுகிறது. இரண்டு கரைப்பான்களுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம். 1990-இல் ஜெஃப் டானும் அவருடைய சகாக்களும் கனடாவில் இந்தப் படலத்தின் வேலையை விளக்கியது, கார்பனை லித்தியத்துக்கு எதிரே வைத்துப் பார்த்துத்தான். எத்திலீன் கார்பனேட் இன்றும் பெரும்பாலான லித்தியம் அயனி மின்கலங்களில் இருக்கிறது.

ஆயுளைக் கேட்கும்போதுதான் சிக்கல். ஆய்வகங்களில் வழக்கமாகப் புழங்கும் 250 மைக்ரோமீட்டர் லித்தியத் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 மில்லியாம்பியர்-மணி இருப்பு உண்டு. எதிரே பூசியிருக்கும் பொருளின் கொள்ளளவு பல ஆய்வுகளில் ஒன்றைத் தாண்டுவதில்லை. கூலும் திறன் 99 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் நூற்றில் ஒரு பங்கு லித்தியம் வீணாகிறது. இருப்பு அளவாக உள்ள நிஜ மின்கலத்தில் 100 சுழற்சியில் மிஞ்சுவது 37 சதவீதம். அரைக்கலத்திலோ வரைகோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போகும். நஷ்டம் வரும்போதெல்லாம் அப்பா பணம் போட்டுக்கொண்டே இருந்தால் மகன் கெட்டிக்கார வியாபாரியாகத்தான் தெரிவான்.

மின்பகுளியிலும் இதே தாராளம். வணிக மின்கலத்தில் ஓர் ஆம்பியர்-மணிக்கு மூன்று கிராமுக்குள் அடங்கும் திரவம், பொத்தான் கூட்டில் பல பத்து கிராம் ஆகிவிடுவதுண்டு. சிலிக்கான் விஷயத்தில் இது பெரிய ஏமாற்று. லித்தியத்தை ஏற்கும்போது சிலிக்கானின் கன அளவு ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுகிறது, படலம் கிழிகிறது, அதை ஒட்டுப்போடச் சேர்க்கும் ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட் குறைந்துகொண்டே வருகிறது. அது தீர்ந்ததும் கொள்ளளவு மடமடவென்று சரிகிறது. திரவத்தில் மிதக்கும் கூட்டில் அந்த நாள் சோதனை முடிவதற்குள் வருவதே இல்லை.

சோடியத்துக்கு வந்தால் அரைக்கலம் இரண்டு திசையிலும் பொய் சொல்கிறது. 2012-இல் ஜப்பானின் யாபுச்சி, கொமாபா குழு இரும்பும் மாங்கனீசும் மட்டுமே கொண்ட ஓர் அடுக்கு ஆக்சைடை வெளியிட்டது. மலிவான தனிமங்கள், கிராமுக்கு 190 மில்லியாம்பியர்-மணி. துறை கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பொருள் பிறக்கும்போதே சோடியம் குறைவு: வாய்பாட்டில் ஒன்றுக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முதல் மின்னேற்றத்தில் அது வெளிவிடுவது சுமார் 140. மீதி 50? எதிரே இருந்த சோடியத் தகடு கொடுத்தது. நிஜ மின்கலத்தில் எதிரே நிற்கப்போவது ஹார்ட் கார்பன் என்ற கார்பன் வகை. அதனிடம் கொடுக்கச் சோடியம் கிடையாது, போதாக்குறைக்கு முதல் சுற்றிலேயே வந்ததில் ஒரு பகுதியைப் படலத்துக்கு விழுங்கிவிடும். ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. சோடியத்தின் வீச்சைக் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். பிறகு மேற்கோள் காட்டியவர்கள் பலரும் 190-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஹார்ட் கார்பன் மீது விழுவதோ அவதூறு. அது பெருமளவு சோடியத்தைச் சேமிப்பது 0.1 வோல்ட்டுக்கும் கீழே. வேகமாக மின்னேற்றும்போது எதிரே உள்ள சோடியத் தகடே தடுமாறி மின்னழுத்தத்தை இழுக்கிறது. கருவி பூஜ்யம் வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறது. தகட்டின் குற்றம் கார்பனின் கணக்கில் ஏறுகிறது. இரு பக்கத்தின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அளக்க மூன்றாவதாக ஒரு மேற்கோள் மின்முனையை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். அதைப் பலர் வைப்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

அரைக்கலத்துக்கு மாற்றாக, இரு மின்முனைகளும் நிஜ மின்கலத்தில் உள்ளபடியே அமைந்த பை வடிவ முழுக்கலங்களைக் கேட்பவர்கள் உண்டு. டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் டானின் குழு 2019-இல் அப்படிப்பட்ட மின்கலங்களின் நீண்டகாலச் சோதனை முடிவுகளை, மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாகவே வெளியிட்டது. மதிக்கத்தக்க பணி. எல்லா ஆய்வகங்களும் இப்படிச் செய்தால்தான் இதழில் இடம் என்பது மட்டும் அநியாயம். அத்தகைய மின்கலம் செய்ய ஈரமற்ற அறையும் கிலோக்கணக்கில் பொருளும் வேண்டும், புதுப் பொருள்களில் பாதி அந்த வாசலிலேயே செத்துவிடும். பொத்தான் கூடு இருக்கட்டும். அதற்குள் எத்தனை மில்லிகிராம் பூசினார்கள், எவ்வளவு திரவம் ஊற்றினார்கள் என்று எழுத வேண்டும்; ஆயுளைப் பற்றிப் பேசும் கட்டுரை, அதே கூட்டுக்குள் அளவான எதிர்மின்முனையோடு ஒரு முழுக்கலத்தையாவது காட்ட வேண்டும். 190 என்று தலைப்பில் போடுகிறவர்கள், பொருள் தானாகக் கொடுத்தது 140 என்பதையும் அதே எழுத்தளவில் பக்கத்திலேயே போடட்டும்.