அதபும் நாவலும்

நாவல் என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் நம் இல்லங்களில் இன்றும் உளர். அன்னாருக்கு ஒரு செய்தியை முதற்கண் நினைவூட்டுவோம். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885-இல், கண்டி தந்த அறிஞர் சித்தி லெப்பை 'அஸன்பே சரித்திரம்' எழுதிவிட்டார். ஆகவே, நாவல் நமக்கு அயல்வீட்டுப் பண்டமன்று.

ஆயினும், மிசுறு தேசத்து வீரனின் கதையை மகிழ்ந்து போற்றிய நாம், நாவல் நம் தெருவுக்குள்ளேயே நுழைந்தபோது கலங்கினோம். "நம் குறைகளைப் பிறர் முன் விரித்துக் காட்டலாமா?" என்னும் வினா எழுந்தது. அது புறந்தள்ளத்தக்க வினாவன்று. நாம் பரிந்துரைக்கும் மூன்று நாவல்களையும் அவ்வினாவைக் கொண்டே உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) எழுதி, 1988-இல் நூலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. ஊரைத் தம் சொல்லுக்குள் அடக்கி வைத்திருக்கும் வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளி, ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கிறார். மார்க்கத்தின் பெயரால் ஊரை ஏய்க்கும் தங்ஙள் ஒருவரும் கதையில் வருகிறார். மதரஸாவில் ஓதிய நமக்கு அப்பகுதி உறுத்தாமல் இல்லை. ஆனால், கள்ள நாணயத்தைச் சுட்டிக் காட்டுபவன் நல்ல நாணயத்தை இகழ்ந்தவன் ஆவானோ?

இரண்டாவது, அவரே எழுதி, 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'. பழம்பெருமையில் சாய்ந்து கிடக்கும் முஸ்தபாக்கண்ணு, முன்னோர் தேடிய பொருள்களை ஒவ்வொன்றாய் விற்று உண்கிறார். அவ்வீட்டில் பெண்களை அடிப்பதற்கென்றே ஒரு பிரம்பு உண்டு. அதன் பெயர் 'அதபு பிரம்பு'! அரபியில் அதபு என்பது ஒழுக்கத்தைக் குறிக்கும். இலக்கியத்திற்கும் அச்சொல்லே பெயர். அத்தகைய சொல் ஒரு கொடுங்கோலுக்குப் பெயராயிற்று என்றால், அச்சொல்லின் மானத்தைக் கெடுத்தவர் யார்? எழுதியவரா, அடித்தவரா? பிரம்பின் கையிலிருந்து அச்சொல்லை மீட்டு இலக்கியத்திடமே ஒப்படைத்ததுதான் மீரான் செய்த தொண்டு என்போம். மலையாளம் கலந்த அவ்வூர் வழக்குத் தொடக்கத்தில் இடறும். இருபது பக்கம் பொறுத்தால் காதில் பேச்சாகவே ஒலிக்கும்.

மூன்றாவது, சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). ஆண்கள் அறியாத அடுப்படிப் பேச்சும், சிறுமி ராபியாவின் கண்வழியே விரியும் பெண்ணுலகும் இதில் உள்ளன. மாந்தர் மிகுதியால் உறவுமுறை குழம்புவதும், ஆண்கள் நிழலாய்த் தேய்ந்து போவதும் குறைகளே. சிறுவர்க்கு உரிய நூலன்று. பெற்றோர் முதலில் படிக்கட்டும்.

இனி, அவ்வினாவுக்கு விடை: இன்னாரென்று சுட்டி, அவர் இல்லாதவிடத்துக் குறை கூறுவது புறம். தன் கணக்கைத் தானே பார்ப்பது முஹாஸபா. இம்மூன்று நாவல்களும் இரண்டாம் வகையின என்பதே நம் துணிபு.

இஷாவுக்குப் பின் வீட்டில் ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்கட்டும். நம் வீட்டில் எந்தப் பிரம்பு, எந்த நற்பெயரில் தொங்குகிறது என்று அன்றிரவே தேடிப் பார்ப்பது நலம்.