ஜிலேபிக் கெண்டைக்கு ஒரு வக்காலத்து

மலாவி ஏரியின் நீல, மஞ்சள் சிக்லிட் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வெளிச்சம் போட்டு ரசிக்கிறோம். அதே குடும்பத்து ஜிலேபிக் கெண்டையோ காரைக்கால் பக்கம் வெறும் மலிவு மீன். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது 1952இல் இந்தியா வந்தது. உப்பையும் தாங்குவதால் அரசலாற்று முகத்துவாரம் போன்ற இடமும் ஒத்துப்போகும். ஆண் அடிமண்ணில் குழி பறிக்கும். பெண் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும்; பொரித்த குஞ்சுகளையும் ஆபத்தென்றால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். மலாவி மீன்களிடம் நாம் வியப்பதும் இதைத்தானே! நாட்டு மீன்களை நெருக்கிவிட்டதே என்பார்கள். உண்மைதான், ஆனால் கொண்டுவந்து விட்டவர்கள் மனிதர்கள். அது பெருகியதற்கு அந்த வாயும் ஒரு காரணம். அழகில்லை என்பது மட்டும் பொய்: இணைசேரும் பருவத்தில் ஆண் கருத்து, துடுப்போரம் சிவந்திருக்கும்.